வாணம் எதனை உதைத்து ஏறுகின்றது?

சென்ற தீபாவளி விடுமுறையில், ஊர் செல்ல இயலாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட மாணவர் எழுவரை அழைத்துக்கொண்டு ஏற்காட்டிற்குச் சென்றிருந்தேன். சேலத்தினின்றும் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறி, காப்பித் தோட்டங்களின் நிழலிலே பகற்பொழுதைக் கழித்தோம். மாலையில் மழை ஓய்ந்தது. மூடுபனியும் சற்றே விலகிற்று. மலைவிளிம்பில் ‘லேடீஸ் ஸீட்’ என வழங்கும் இடத்திற்குச் சென்று கீழ்நோக்கி நின்றோம். சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 அடி உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உள்ளது. ஆதலின் நகரத்து விளக்குகள் யாவும் சிதறிய மணிகள்போல் எங்கள் காலடியிற் கிடந்தன. அவற்றினிடையே ஓயாது பொறிகள் எழுந்தெழுந்து அவிந்தன. அவை தீபாவளி வாணங்கள். எந்நாளும் அண்ணாந்து பார்த்து வியந்த வாணத்தை அன்று நாங்கள் குனிந்து பார்த்தோம். நகரத்தார் கண்ணுக்கு விண்ணை முட்டிய வாணம், எங்கள் கண்ணுக்குத் தரையினின்றும் ஒரு விரற்கடை எழுந்து மடிந்தது.

அப்பொழுது மாணவருள் இளையவர் ஒருவர், “ஐயா, பறவை சிறகினாற் காற்றை அடித்துப் பறக்கின்றது, நாம் தரையை உதைத்துத் தாவுகின்றோம். இந்த வாணம் எதனை உதைத்து ஏறுகின்றது?” என்று கேட்டார். “காற்றைத்தான்; வேறென்ன?” என்றார் மற்றொருவர். “அப்படியானால் காற்றே இல்லாத சந்திரனுக்கு ராக்கெட்டு எவ்வாறு போயிற்று?” என்று இளையவர் திருப்பிக் கேட்க, யாவரும் என் முகத்தை நோக்கினர். நேர விடை சொல்லிவிடுதல் எளிது. ஆயினும், கண்ணாற் கண்டு தெளிந்ததே மனத்தில் நிலைக்கும் என்று எண்ணி, “நாளைக் காலையில் ஏரிக்கரைக்கு வாருங்கள்” என்றேன். அங்கே கண்டதும், அதன்பின் அவ்வினா எங்களை அழைத்துச் சென்ற வழியுமே இக்கட்டுரையின் பொருளாம்.

ஏரியிற் கண்ட விடை

மறுநாள் ஏற்காட்டு ஏரியில், படகோட்டியின் இசைவு பெற்று, சிறு படகொன்றைக் கரையோரமாகக் கட்டவிழ்த்து நிறுத்தினோம். மாணவர் ஒருவர் அதனின்றும் கரைக்குத் தாவினார். தாவிய அக்கணமே படகு பின்வாங்கி நீருக்குள் சென்றது. இதனை நம்மிற் காணாதார் இலர். ஆயின் கருதிப் பார்த்தார் சிலரே. மாணவர் முன்னோக்கிச் சென்றார். படகு பின்னோக்கிச் சென்றது. படகைத் தள்ளியது கரையன்று, காற்றுமன்று, தாவிய மாணவரின் கால்களே. அவர் 50 கிலோ எடையுள்ளவர் என்றும், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தாவினார் என்றும் கொள்வோம். படகு 100 கிலோ எடையுள்ளதாயின், நீரின் தடையை நீக்கிக் கணக்கிடுமிடத்து, அது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையிற் செல்லும். ஐம்பதை இரண்டாற் பெருக்கினும் நூறு. நூறை ஒன்றாற் பெருக்கினும் நூறு. இவ்விரண்டும் என்றும் சமமாகவே நிற்கும். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்று ஸர் ஐஸக் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் விதியின் பயன் இதுவே.

இனி, படகிற் கற்களை நிரப்பி ஒருவன் அமர்ந்திருக்கின்றான் என்று நினையுங்கள். துடுப்பு இல்லை. அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பின்புறமாக வீசுகின்றான். ஒவ்வொரு கல்லுக்கும் படகு சிறிது முன்னேறும். வீசிய கல் நீரில் விழினும், கரையில் விழினும், யாதொன்றின்மேலும் விழாமல் என்றென்றும் பறந்துகொண்டேயிருப்பினும் படகுக்கு ஒன்றே. கல் கையைவிட்டு நீங்கும்பொழுதே அது செய்யவேண்டிய வேலை முடிந்துவிட்டது. வாணத்தில் கல்லுக்குப் பதிலாக வீசப்படுவது எரிந்த மருந்தின் புகை. ஆகவே வாணம் காற்றையும் உதைப்பதில்லை, தரையையும் உதைப்பதில்லை. தன் உடம்பின் ஒரு பகுதியையே உதைத்துத் தள்ளி, அதனால் மற்றொரு பகுதி மேலேறுகின்றது. காற்று அதற்கு உதவியன்று; தடையேயாகும்.

“காற்றைத்தான்” என்று விடை கூறிய மாணவர் நாணினார். அவர் நாணவேண்டுவதில்லை. அமெரிக்க விஞ்ஞானியாகிய ராபர்ட் காடர்டு சந்திரனுக்கு ராக்கெட்டு அனுப்புதல் கூடும் என்று எழுதியபொழுது, ‘நியூயார்க் டைம்ஸ்’ என்னும் பெரும் பத்திரிகை, 1920ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், வெற்றிடத்தில் உதைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதைக்கூட அவர் அறியார் என்று தலையங்கத்தில் எள்ளி எழுதிற்று. காடர்டு அதற்கு முன்னரே காற்று நீக்கிய குழாயினுள் மருந்தை எரித்து, அங்கும் உந்துவிசை உண்டாவதை அளந்து கண்டிருந்தார். 1926 மார்ச்சு 16இல், மாசசூஸட்ஸ் மாகாணத்து ஆபர்ன் என்னும் ஊரில், திரவ எரிபொருளாற் சென்ற முதல் ராக்கெட்டை அவர் ஏவினார். அது பறந்தது இரண்டரை நொடி. ஏறியது 41 அடி. அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாளாகிய 1969 ஜூலை 17இல் அப்பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டது. அப்போது காடர்டு மறைந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகிவிட்டன.

குழாயின் உள்ளே

வாணத்தின் அமைப்பை இனிச் சிறிது நோக்குவோம். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. நூறு பங்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் எரிவன. எரிதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பே தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. இதனாலன்றோ வாணம் வெளிக்காற்றை எதிர்பாராமல் எரிகின்றது! அடுப்பு காற்றின்றி அவியும், வாணம் அவியாது. சந்திரனுக்குச் செல்லும் கலத்திற்கும் இதுவே முதல் வேண்டுவது: விறகையும் காற்றையும் உடன் சுமந்து செல்லுதல்.

மருந்தைக் குழாயில் இறுகத் திணித்து, மேல்முனையை அடைத்து, கீழ்முனையிற் சிறு துளை விடுவர். மருந்தின் நடுவே கூம்பு வடிவாக ஒரு வெற்றிடமும் விடுவதுண்டு. எரியும் பரப்பு மிகுந்தாற் புகையும் விரைந்து மிகும் என்பதே அதன் கருத்து. உள்ளே புகையின் அழுத்தம் ஏறுகின்றது. அது குழாயின் பக்கங்களை எல்லாத் திசையிலும் சமமாக அழுத்துதலால் பக்கவிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலடைப்பை அழுத்தும் விசைக்கு மட்டும் எதிராகக் கீழே சுவர் இல்லை, துளையே உண்டு. எனவே குழாய் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. வாணத்தில் கட்டிய நீண்ட குச்சி, அது நிலை தடுமாறிச் சுழலாமல் நேரே செல்லத் துணை செய்கின்றது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அழுத்தம் மிகுமளவு புகை விரைந்து வெளிவரும். புகை விரையுமளவு வாணமும் விரையும். ஆயின் காகிதக் குழாய் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்? ஓரளவிற்கு மேற்பட்டால் அது கிழிந்து வெடித்துவிடும். ஆகவே வாணத்தின் வரலாறு, ஒரு வகையில், குழாயின் வரலாறேயாகும். அவ்வரலாற்றின் சிறந்ததோர் ஏடு நாங்கள் நின்ற மலையைச் சூழ்ந்த நாட்டிலேயே எழுதப்பட்டது.

மைசூரின் இரும்பு வாணம்

சீனர் 13ஆம் நூற்றாண்டிற்குள் வாணத்தைப் போரிற் கையாளத் தொடங்கினர். பின்னர் அது ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவிற்று. எனினும், குழாய் பெரும்பாலும் காகிதமும் மூங்கிலுமாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் மெல்லிரும்புத் தகட்டை அடித்து உருட்டிக் குழாயாக்கி, அதனுள் மருந்தைத் திணித்து, நீண்ட மூங்கிற் கழியிலோ வாளிலோ கட்டி ஏவச் செய்தனர். குழாயின் நீளம் ஏறக்குறைய 8 அங்குலம். விட்டம் ஒன்றரை முதல் 3 அங்குலம். காகிதம் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கிற்று. வாணம் ஏறக்குறைய ஆயிரம் கஜம் சென்றது. படைப் பிரிவுகளில் வாணக்காரர் குழுக்கள் தனியே அமைக்கப்பட்டிருந்தன.

அந்நாளில் சேலமும் பாராமகாலும் சேர்வராயன் மலையும் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையாலேயே அவை கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சென்றன. ஏற்காட்டிற்குக் காப்பிச் செடி வந்தது அதற்குப் பின்னரே. எனவே இம்மலையடிவாரத்து மக்கள் வாணப்படையை உடைய அரசரின் குடிகளாய் இருந்தவர்கள்.

1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து முறியடித்தனர். அப்போரிற் கம்பெனியாரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதற்குக் காரணம் மைசூர் வாணமே என்று கூறுவர். 1799 ஏப்ரல் 5ஆம் நாள் இரவில், ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் நுழைந்த கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, இருளிலே வாணமும் குண்டும் பொழிய நிலை குலைந்து பின்வாங்கிற்று. இவரே பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு. ஆயினும் அடுத்த மாதம் 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது, திப்புவும் மாண்டார்.

கோட்டையிற் கைப்பற்றிய வாணங்களுட் சில இங்கிலாந்திலுள்ள வுல்விச்சுப் படைக்கலச் சாலைக்குச் சென்றன. அங்கே வில்லியம் காங்க்ரீவ் என்பார் 1804ஆம் ஆண்டு முதல் அவற்றை ஆராய்ந்தார். எவ்வளவு மருந்திற்கு எவ்வளவு தூரம், எவ்வளவு எடைக்கு எவ்வளவு நீளக் கழி என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதித்து, கண்டதை எழுதி வைத்தார், நூலாகவும் வெளியிட்டார். அவர்தம் வாணம் 3,000 கஜம் சென்றது என்பர். 1806இல் பூலோன் துறைமுகத்தின்மீதும், 1807இல் கோபன்ஹேகன் நகரத்தின்மீதும், 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டையின்மீதும் அவை பொழிந்தன. 1844இல் வில்லியம் ஹேல் என்பார் புகையைச் சாய்வாக வெளியேற்றி வாணத்தைத் தற்சுழலச் செய்து, கழியே வேண்டாதபடி ஆக்கினார்.

மைசூரின் வாணக்காரரோ? அவர்தம் பெயர்களில் ஒன்றையும் நாம் அறியோம். அரசு அழிந்ததும் அவர்கள் கையிலிருந்த தொழில் சிதறிற்று. 2018ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்தில், நகரக் கோட்டை என வழங்கும் இடத்தில் வறண்ட கிணறொன்றைத் தோண்டியபொழுது, ஆயிரத்திற்கு மேற்பட்ட இரும்பு வாணங்கள் சேற்றிற் புதைந்து கிடந்தன. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிணற்றின் அடியிற் கிடந்து துருப்பிடித்த அவற்றைப் பற்றி நினைக்குந்தோறும் என் உள்ளத்தில் ஒன்று தோன்றுகின்றது. கையிலிருந்த தொழில் கிணற்றில் விழுந்தது; ஏட்டில் ஏறிய தொழில் கடல் கடந்தது.

கல் சுமந்த படகின் கணக்கு

காங்க்ரீவ் அளந்தார், ஆனால் ஏன் என்னும் கணக்கை முழுதும் வகுக்கவில்லை. அதனை வகுத்து 1903ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கான்ஸ்டான்டின் ஸியோல்கோவ்ஸ்கி என்னும் ருஷ்யப் பள்ளி ஆசிரியர். ஏரிப் படகை மீண்டும் நினைவிற்குக் கொண்டுவருவோம். முதற் கல்லை வீசும்பொழுது படகு எஞ்சிய கற்கள் அனைத்தையும் சுமந்திருப்பதால் சிறிதே நகரும். கடைசிக் கல்லை வீசும்பொழுது படகு இலேசாகிவிட்டதால் மிகுதியாக நகரும். ஆகவே படகு அடையும் முழு வேகம் இரண்டினைப் பொறுத்தது: கல்லை எவ்வளவு விரைவாக வீசுகின்றோம் என்பது ஒன்று, புறப்படும்பொழுதிருந்த எடை இறுதியில் எஞ்சும் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது மற்றொன்று. புகையின் வேகத்தை ராக்கெட்டு ஒரு முறை எட்டவேண்டுமாயின், தொடக்க எடை இறுதி எடையைப்போல் 2.718 மடங்கு இருத்தல் வேண்டும். அவ்வேகத்தைப்போல் இருமடங்கு வேண்டுமாயின், 2.718 ஐ அதனாலேயே பெருக்கி, ஏறக்குறைய 7.4 மடங்கு, மும்மடங்கு வேண்டுமாயின் ஏறக்குறைய 20 மடங்கு. வேகம் கூட்டலாக ஏற, சுமை பெருக்கலாக ஏறுகின்றது. இதுவே ராக்கெட்டு வித்தையின் கடுமையான உண்மை.

பூமியைச் சுற்றும் வேகத்தைப் பெற, வழியிலுள்ள இழப்புகளையும் சேர்த்து, நொடிக்கு ஏறக்குறைய 9.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கருமருந்தின் புகை நொடிக்கு ஏறக்குறைய 0.8 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவருவது. அதனைக்கொண்டு கணக்கிட்டால், ஒரு கிலோவை விண்ணில் நிறுத்த ஒரு லட்சம் கிலோவிற்கு மேற்பட்ட வாணம் வேண்டியிருக்கும். எனவே எந்த அரசரின் பொக்கிஷத்தாலும் கருமருந்தினால் விண்ணை எட்டியிருத்தல் இயலாது. அம்மோனியம் பெர்க்ளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பிசினிற் கலந்த தற்காலத் திட எரிபொருளின் வேகம் ஏறக்குறைய 2.6 கிலோமீட்டர், அதற்கு 37 மடங்கு போதும். திரவ ஹைட்ரஜனும் திரவப் பிராணவாயுவும் எரியுமிடத்து வேகம் 4.4 கிலோமீட்டர், அதற்கு எட்டரை மடங்கே. ஆயின் திரவ ஹைட்ரஜனை நீர் உறையும் நிலைக்குக் கீழே 253 பாகைக் குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை.

இச்சுமையைக் குறைக்கவே ராக்கெட்டைப் பல அடுக்குகளாக அமைக்கின்றனர். எரிந்து முடிந்த அடுக்கை வீணே சுமவாமல் வழியிலேயே கழற்றி விடுவர். மலையேறுவோன் வெறுமையான தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு ஏறுவானா?

ஏற்காட்டிலிருந்து ஏவினால் என்ன?

இக்கணக்கைக் கேட்ட மாணவர் ஒருவர், “அப்படியானால் ராக்கெட்டை இம்மலைமேலிருந்தே ஏவலாமே! 5,000 அடி மிச்சமாகுமே!” என்றார். நல்ல வினா. எண்ணால் விடை காண்போம். ஒரு கிலோ பொருளை 1,500 மீட்டர் தூக்க ஏறக்குறைய 15,000 ஜூல் சக்தி வேண்டும். அதே பொருள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்திற் பூமியைச் சுற்றவேண்டுமாயின் ஏறக்குறைய 3 கோடி ஜூல் வேண்டும். எனவே சேர்வராயன் மலை நமக்குத் தரும் உதவி இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

உயரத்திற்கும் வேகத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை நியூட்டன் ஓர் உவமையால் விளக்கினார். மிக உயர்ந்த மலையொன்றின் உச்சியினின்றும் குண்டு ஒன்றைக் கிடையாக எறிவதாக நினையுங்கள். சேர்வராயன் சிகரமே அம்மலை என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக எறிந்தால் குண்டு மலையடியிற் சேலத்திலே விழும். விரைந்து எறிந்தால் நாமக்கல்லில் விழும். இன்னும் விரைந்து எறிந்தாற் கன்னியாகுமரிக்கு அப்பாற் கடலில் விழும். காற்றின் தடை இல்லையென்று கொண்டு, நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், குண்டு கீழ்நோக்கி விழுந்துகொண்டே இருக்கும். ஆயின் பூமியும் உருண்டையாதலால் அதே அளவு கீழே வளைந்துகொண்டே போகும். குண்டு தரையைத் தொடாமற் பூமியைச் சுற்றிவந்து எறிந்தவன் முதுகிலேயே படும். விண்கலம் விழாமல் நிற்பதில்லை, விழுந்துகொண்டே சுற்றுகின்றது.

மலையைக் காட்டிலும் பெரிய உதவி பூமியின் சுழற்சியே. நிலநடுக்கோட்டில் தரை நொடிக்கு ஏறக்குறைய 465 மீட்டர் வேகத்திற் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் வேகம். கழற்றிவிடும் அடுக்குகள் மக்கள்மேல் விழாதிருக்கக் கடலும் அருகே இருத்தல் வேண்டும். ஊர்கள் நிறைந்த சேலத்துச் சமவெளிமீது அவற்றை விழவிட முடியுமோ? ஆதலின் வங்கக் கடலோரத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன. துருவங்களைக் கடந்து சுற்றும் கலங்களைத் தெற்கு நோக்கி ஏவவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் ஏவுங்கால் இலங்கைமீது செல்லாதபடி வளைந்து போகவேண்டியிருத்தலால், அதற்கும் எரிபொருள் செலவாகின்றது. அச்செலவைத் தவிர்க்கவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாம் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பெற்றது.

ஏட்டில் ஏறிய தொழில்

நம் நாட்டில் இத்தொழில் மறுபடியும் பிறந்த இடம் ஓர் ஆலயம். திருவனந்தபுரத்திற்கு அருகே தும்பா என்னும் மீனவர் கிராமம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருத்தலால், விண்ணாராய்ச்சிக்கு அதுவே தக்க இடமெனக் கண்டனர். அங்கிருந்த மகதலேனா மரியாள் ஆலயத்தையும் சூழ்ந்த நிலத்தையும் ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இசைந்தார். ஊர் மக்களும் இசைந்தனர். ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்கர் அளித்த ‘நைக்கி அப்பாச்சி’ என்னும் ராக்கெட்டு அங்கிருந்து எழுந்தது. 1967 நவம்பர் 20இல் நம்மவரே செய்த முதல் ராக்கெட்டாகிய ‘ரோகிணி 75’ எழுந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். அஃதாவது ஏறக்குறைய 3 அங்குலம். மைசூர் வாணத்துட் பெரியதன் விட்டமும் அதுவே என்பதை நேயர்கள் நினைவுகூர்வார்களாக!

தும்பாவில் முதலிற் பணி செய்தவருள் ஒருவர் இராமேசுவரத்து ஏ. பி. ஜே. அப்துல் கலாம். அவர் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் 1954இல் பௌதிகப் பட்டம் பெற்றவர். பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திற்குச் சென்றபொழுது, அங்கே சுவரில் ஒரு போர்க்கள ஓவியத்தைக் கண்டதாகவும், அது திப்புவின் வாணப்படையைக் குறித்தது என்றறிந்து வியந்ததாகவும் அவர் தம் வரலாற்றிற் குறித்துள்ளார். நாம் மறந்ததைப் பிறர் சுவரில் எழுதி வைத்திருந்தனர்.

அவர் தலைமையிற் செய்த எஸ்.எல்.வி. 3 என்னும் ராக்கெட்டு 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் உள்ளது. 1979 ஆகஸ்டு 10இல் அதனை முதன்முறை ஏவியபொழுது, அது சில நிமிடங்களிற் கடலில் விழுந்தது. இரண்டாம் அடுக்கின் திசைதிருப்பும் பகுதியில் அமிலம் கசிந்தமையே காரணம் என்பதை, பதிவான அளவுகளைக்கொண்டு கண்டறிந்தனர், குறையை நீக்கினர். 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட்டு 35 கிலோ எடையுள்ள ரோகிணிக் கலத்தைப் பூமியைச் சுற்ற விட்டது. 17,000 கிலோவில் 35 கிலோ! ஸியோல்கோவ்ஸ்கியின் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. எனினும் என் உள்ளத்தைக் கவர்வது வெற்றியன்று. அதற்கு முந்திய பதினொரு மாதங்களே. மைசூரின் வாணக்காரர் கையில் இல்லாதது அப்பொழுது நம்மவர் கையில் இருந்தது: தவறியது எவ்விடத்தில் என்று காட்டும் ஏடு.

சேலம் செய்த உதவி

ராக்கெட்டு ஏற்காட்டிலிருந்து ஏவப்படாது என்றதும் முகம் வாடிய மாணவருக்கு ஒரு செய்தி சொன்னேன். மலையடியில், பண்டு தொட்டே இரும்புக் கல்லுக்குப் பெயர் பெற்ற கஞ்சமலையின் அருகே சேலம் உருக்காலை நிற்கின்றது. 2019இல் ஏவிய சந்திரயான் 2இன் பயணத்திற்கு, திரவ ஹைட்ரஜனில் இயங்கும் கடுங்குளிர் இயந்திரத்திற்கென, தனி வகைத் துருவேறா எஃகுத் தகடு அங்கே உருட்டி அளிக்கப்பட்டது. அவ்வகை இயந்திரங்களை எரித்துச் சோதிக்குமிடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி மலையடிவாரம்.

இன்னொன்றும் உண்டு. சந்திரனில் இறங்கும் கலத்தைப் பூமியிற் சோதிக்க, சந்திரனின் மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தது. அயல்நாட்டினின்றும் வாங்கினால் விலை மிகுதி. 1997 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நாமக்கல் பகுதியில், சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்களில், ‘அனார்த்தோசைட்டு’ என்னும் பாறை உள்ளது. சந்திரனின் மேட்டு நிலமும் அவ்வினப் பாறையே. அதனைப் பொடித்துப் பரப்பி, அதன்மேல் கலத்தின் இறங்குதலையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்தனர். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் இதில் துணை நின்றனர். 2019 செப்டம்பர் 7இல் சந்திரயான் 2இன் இறங்கு கலம் தரையில் மோதிச் சிதைந்தது. ஏடு மீண்டும் புரட்டப்பட்டது. பிழைகள் எண்ணித் திருத்தப்பட்டன. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெத்தென இறங்கிற்று. இறங்கும் வேகத்தைத் தணித்ததும் ராக்கெட்டுப் பொறியே. காற்றில்லாத அவ்விடத்தில் குடை விரித்து இறங்குதல் இயலாது. படகிற் கல் வீசிய வித்தையே அங்கும் கைகொடுத்தது.

முடிவுரை

நாங்கள் மலையினின்றும் இறங்கும் நாளில், முதல் வினாவைக் கேட்ட மாணவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். படகு எத்தனை அடி பின்வாங்கிற்று, தாவியவர் எடை யாது, மூன்று முறை செய்ததில் ஒவ்வொரு முறையும் எவ்வாறு வேறுபட்டது என்று வரிசையாக எழுதியிருந்தார். மூன்றாம் முறைக் கணக்கு விதிக்கு ஒத்துவரவில்லை; அதன் ஓரத்தில் “காற்று அடித்தது; மீண்டும் செய்யவேண்டும்” என்று குறித்திருந்தார். அவ்வரியைக் கண்டு நான் பெரிதும் மகிழ்ந்தேன். விதியோடு ஒத்த அளவை எழுதுவது எளிது. ஒவ்வாததை மறையாமல் எழுதுவதே அறிவின் தொடக்கம்.

நம் நாட்டிற் கைத்திறனுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. இரும்புக் குழாயை உலகிற்குக் காட்டியவர் நம்மவர். குறைவுபட்டது, கண்டதை அளந்து, அளந்ததை எழுதி, எழுதியதைப் பின்வருவார்க்கு விட்டுச்செல்லும் வழக்கம். கல்லூரிச் சோதனைச் சாலையில் மாலைதோறும் நிரப்பும் குறிப்பேட்டை, தேர்வுக்கென்று மட்டும் கருதும் மாணவர் உளர். அவர்கள் நகரக் கோட்டையின் கிணற்றை ஒருமுறை நினைப்பார்களாக. வாணம் தன் உடம்பின் ஒரு பகுதியைப் பின்னே விட்டே மேலேறுகின்றது. ஒரு தலைமுறையும் தான் கண்டதைப் பின்னே விட்டுச் சென்றால்தான் அடுத்த தலைமுறை ஏறும்.